இந்த பாயிண்ட்டருக்கு வால் உண்டு!

'பாயிண்ட்டர்' என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு சி லேப் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியிருக்குமே? பயப்படாதீங்க பாஸ், இந்த வாரம் புரோகிராம் எதுவும் எழுதப்போறதில்லை. வைவாவில் வழக்கமாகக் கேட்கிற அந்த ஒரு கேள்வியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 'பாயிண்ட்டர்னா என்னம்மா?' 'சார், அது பொருளைத் தன்கிட்ட வெச்சுக்காது சார். பொருள் எங்கே இருக்குங்கிற விலாசத்தை மட்டும் வெச்சிருக்கும்!'

சரியான பதில். இதே வேலையைச் செய்கிற நாய் ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் பாயிண்ட்டர்தான். சி லாங்வேஜுக்குச் சில நூற்றாண்டு சீனியர்!

புல்லுக்குள் பறவை எங்கே ஒளிந்திருக்கிறது என்று இது மோப்பத்திலேயே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் பாயாது, குரைக்காது. ஓடி வந்த வேகத்தில் அப்படியே சிலையாகிவிடும். மூக்கு பறவை இருக்கிற திசையில் நீண்டிருக்கும். வால் விறைத்து நிற்கும். சில சமயம் முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் அந்தரத்தில் மடங்கியிருக்கும். 'விலாசம் இதுதான், மத்ததை நீங்க பார்த்துக்கோங்க' என்று அர்த்தம். எஜமான் வர சில நிமிடங்கள் ஆனாலும் அப்படியே நிற்கும். பசியோடு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த ஜாங்கிரியைத் தொடாமல் நாம் எத்தனை நிமிஷம் இருப்போம்? யோசிச்சுப் பாருங்க!

இந்த நாய்களைப் பின்தொடர்ந்து குதிரையில் போய்ப் பறவை வேட்டையாடுகிற வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் இடம், அமெரிக்காவின் தெற்குப் பகுதி. ஜார்ஜியா மாநிலத்து தாமஸ்வில் ஊருக்கும், ஃபுளோரிடாவின் தலைநகர் டல்லஹாசிக்கும் நடுவே 'ரெட் ஹில்ஸ்' என்று ஒரு வட்டாரம் உண்டு. உடனே பாரிமுனையில் பஸ் ஏறி செங்குன்றம் ஏரிக்குப் போயிடாதீங்க. இது வேற ரெட் ஹில்ஸ். செம்மண் மேடுகள், இடைவெளி விட்டு வளர்ந்த உயரமான பைன் மரங்கள், மரங்களுக்குக் கீழே முழங்கால் உயரப் புல். லட்சக்கணக்கான ஏக்கர் இப்படியே கிடக்கிறது. அத்தனையும் ஒரே ஒரு பறவைக்காக!

அதன் பெயர் பாப்வைட். நம்ம ஊர் காடை, கௌதாரிக்கு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். எடை சுமார் 170 கிராம். கோடையில் ஆண் பறவை 'பாப்... வைட்!' என்று கடைசி எழுத்தில் சுருதி ஏற்றி விசிலடிக்கும். பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

வேட்டை சீசன் குளிர்காலத்தில். ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? முன்னால் நாய்களை நடத்துகிறவர் குதிரையில். இரண்டு நாய்கள் புல்லுக்குள் காற்றை எதிர்த்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓடும். பின்னால் விருந்தாளிகள், அவர்களும் குதிரையில். அதற்கும் பின்னால் இரண்டு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி. அதில் கூண்டுகள், கூண்டுகளில் 'சப்ஸ்டிட்யூட்' நாய்கள். ஓடுகிற ஜோடி களைத்ததும் அடுத்த ஜோடி களத்தில் இறங்கும். விழுந்த பறவையை எடுத்து வர வண்டியின் மேலேயே ஒரு ஸ்பேனியலோ லாப்ரடாரோ ஜம்மென்று உட்கார்ந்து வரும்.

'நடந்தே போகலாமே, எதுக்கு இந்த ராஜா காலத்து பில்டப்?' என்று கேட்கிறீங்களா? காரணம் இருக்கு. இந்த நாய்கள் காலடியிலேயே சுற்றுவதில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னால் ஓடிவிடும். புல் மறைக்கும். குதிரை மேல் உட்கார்ந்தால்தான் எந்த நாய் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுவிட்டது என்று தெரியும். அதற்காகவே பலரும் 'டென்னஸி வாக்கிங் ஹார்ஸ்' என்ற இனத்தை வைத்திருக்கிறார்கள். அதன் விசேஷம், வேகமாக நடக்கும்போதும் மேலே உட்கார்ந்தவரைத் தூக்கித் தூக்கிப் போடாது. நாள் முழுக்க சேணத்தில் இருக்கணுமே!

ஆனால், சினிமாவில் வருவது மாதிரி குதிரை மேலிருந்து யாரும் சுடுவதில்லை. நாய் நின்றதும், முறை வந்த இருவர் மட்டும் இறங்கி நடந்து போவார்கள். மத்தவங்க அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கணும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த மேட்டர் என்னன்னா, அந்த நேரத்தில் நாய் மட்டும் சிலையாக நிற்பதில்லை. பறவையும்தான். ஆபத்து வந்தால் பாப்வைட் முதலில் பறக்காது. புல்லோடு புல்லாக அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதன் உடம்பு நிறமும் காய்ந்த சருகும் ஒன்றுபோலவே இருக்கும். சின்ன வயசில் 'ஸ்டாச்சு!' என்று கத்தி விளையாடுவோமே, அதுதான். இரண்டு மூணு மீட்டர் இடைவெளியில் நாய் ஒரு ஸ்டாச்சு, பறவை ஒரு ஸ்டாச்சு. யார் முதலில் அசைகிறார்கள் என்பதுதான் ஆட்டம். குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து பறவைகள் ஒரே கூட்டமாக இருக்கும். மனுஷன் காலடி நெருங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு திசையில், வெடிச்சத்தம் மாதிரி சிறகடித்துக் கிளம்பும். புதுசாக வருகிறவருக்குத் துப்பாக்கியைத் தூக்கவே கை வராதாம். ராத்திரி தூங்கும்போதும் இதே தற்காப்புதான். வால்களை நடுவில் சேர்த்து, தலைகளை வெளியே நீட்டி, தரையில் வட்டமாக உட்கார்ந்து தூங்கும். குளிருக்குக் குளிர் அடக்கமும் ஆச்சு, எந்தப் பக்கமிருந்து எதிரி வந்தாலும் ஒருத்தருக்குத் தெரிந்துவிடும்.

நாய்க்கு இந்த நிற்கிற பழக்கம் எப்படி வந்தது? வேட்டை மிருகம் எதுவாக இருந்தாலும் பாய்வதற்கு முன் ஒரு நொடி நிதானிக்கும். பூனை எலியைப் பார்த்ததும் பதுங்குமே, அதுதான். அந்த ஒரு நொடியை, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து, நிமிஷக்கணக்காக நீட்டிவிட்டார்கள். அதனால் சில வாரக் குட்டிகூட, குச்சியில் கட்டிய இறகைப் பார்த்ததும் விறைத்து நிற்கும். ஆனால், ரத்தத்தில் இருப்பது பாதிதான். மீதி டிரெய்னிங். பறவை பறந்தாலும் ஓடக்கூடாது, துப்பாக்கி வெடித்தாலும் அசையக்கூடாது. இன்னொரு சிலபஸும் உண்டு. கூட ஓடுகிற நாய் நிற்பதைப் பார்த்தால், தனக்கு வாசனையே வராவிட்டாலும் இதுவும் அங்கேயே நின்றுவிட வேண்டும். 'நீ கண்டுபிடிச்சுட்டே, அது உன்னோடதுதான்' என்று ஒப்புக்கொள்கிற மரியாதை. குரூப் புராஜெக்ட்டில் இந்த மரியாதை கிடைத்தால் நம்மில் எத்தனை பேர் சந்தோஷப்படுவோம்!

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. நிற்கக் கற்றுக்கொடுக்கிற வழி எல்லாமே அன்பான வழி இல்லை. நீளக் கயிறு கட்டிப் பொறுமையாகப் பழக்குகிறவர்கள் உண்டு. கழுத்துப் பட்டையில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்குகிறவர்களும் உண்டு. அந்த மின்சாரப் பட்டையை பிரிட்டனின் வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் பெரும்பாலும் அது கடையில் கிடைக்கிற சாமான். அழகாக நிற்கிற நாயைப் பார்க்கும்போது, அது எப்படி நிற்கக் கற்றது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

இந்த நாய்களுக்கு தேசிய சாம்பியன்ஷிப்பும் உண்டு. 1896-ல் மிஸிஸிப்பி மாநிலத்து வெஸ்ட் பாயின்ட்டில் ஆரம்பித்தது. 1915-லிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக டென்னஸியின் கிராண்ட் ஜங்ஷனில், ஏம்ஸ் பிளான்டேஷன் என்ற பெரிய எஸ்டேட்டில் நடந்து வந்திருக்கிறது. ஜோடி ஜோடியாக நாய்களை விடுவார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் முழுசாக மூணு மணி நேரம். செமஸ்டர் எக்ஸாம் டைம்தான், என்ன, இங்கே மூணு மணி நேரமும் ஓட்டம்! நடுவர்கள் குதிரையில், நாயை நடத்துகிறவர் குதிரையில், வேடிக்கை பார்க்க வருகிற கூட்டமும் குதிரையில். முக்கியமான விஷயம், இந்தப் போட்டியில் பறவை சாவதில்லை. நாய் நின்றதும் பறவையைக் கிளப்பிவிட்டு, வெற்றுத் தோட்டாவை வெடிப்பார்கள். பறவை தன் பாட்டுக்குப் பறந்துவிடும். சத்தத்துக்கு நாய் அசைந்ததா இல்லையா என்பதற்குத்தான் மார்க்.

'எல்லாம் சரி, பணக்காரங்க பொழுதுபோக்கு. நமக்கென்ன?' என்றுதானே கேட்கப்போறீங்க? இனிமேல்தான் மேட்டரே.

இந்தப் பறவை காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வருஷா வருஷம் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புப்படி, 1966-லிருந்து பாப்வைட் எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது. 'சுட்டே தீர்த்துட்டாங்க' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால், வருஷா வருஷம் சுடுகிற ரெட் ஹில்ஸில் அது நிறைய இருக்கிறது. யாருமே சுடாத எத்தனையோ இடங்களில் அதன் விசில் சத்தம் நின்றே போச்சு. இந்த ஈக்வேஷன் எப்படி பேலன்ஸ் ஆகுது?

விடை புல்லுக்கு அடியில் இருக்கிறது. பாப்வைட் தரையில் கூடு கட்டும். முட்டையிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் அம்மா பின்னால் நடக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு பெரிய வண்டு சைஸ்தான். அவற்றுக்குச் சாப்பாடு பூச்சிகள். அந்தப் பூச்சிகளைத் துரத்திப் பிடிக்க, செடிகளின் அடியில் வெறும் தரை வேண்டும். பருந்து கண்ணில் படாமலிருக்க மேலே இலைக் கூரையும் வேண்டும். மேலே குடை, கீழே ரோடு. புல் அடர்ந்து மெத்தை மாதிரி படிந்துவிட்டால் குஞ்சால் நடக்க முடியாது. புதர் மண்டி மரமாகிவிட்டால் கீழே செடியே வளராது. இந்த 'மேலே குடை, கீழே ரோடு' அமைப்பை அந்த மண்ணில் உண்டாக்குவது எது தெரியுமா?

தீ. நிஜமான தீ!

ரெட் ஹில்ஸ் எஸ்டேட்களில் வசந்த காலத்தின் தொடக்கத்தில் காட்டுக்குத் தீ வைப்பார்கள். காற்று, ஈரம் எல்லாம் பார்த்து, சிறு சிறு துண்டுகளாக, ஒரு வருஷத்துக்குச் சுமார் பாதி நிலம். மீதிப் பாதி, பறவை கூடு கட்ட அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் அந்தப் பாதிக்கு முறை. தீ இடுப்பு உயரம்கூட எழாமல் மெதுவாகத் தரையோடு நகரும். பைன் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வளரும் நீள ஊசியிலை பைன் தீயோடு சேர்ந்தே வாழப் பழகிய மரம். கன்றாக இருக்கும்போது சில வருஷம் புல் மாதிரியே தரையில் கிடக்கும். சுற்றியிருக்கும் இலைகள் கருகினாலும் நடுவிலுள்ள குருத்து தப்பிக்கும். ஒரு காலத்தில் அமெரிக்கத் தெற்கில் இந்தக் காடு சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. வெட்டியும், உழுதும், தீயை நிறுத்தியும், 1990-களில் சுமார் 30 லட்சம் ஏக்கருக்கு வந்துவிட்டது.

தீயை யார் நிறுத்தினார்கள்? படித்தவர்கள்தான் சார்! காட்டுத் தீ என்றாலே நாசம் என்று வனத்துறை நம்பிய காலம் அது. 1928-லிருந்து 1931 வரை, லாரியில் சினிமா புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு தெற்கு முழுக்க ஊர் ஊராகப் போய், 'காட்டைக் கொளுத்தாதீர்கள்' என்று படம் காட்டினார்கள். தங்களை 'டிக்ஸி க்ரூஸேடர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். கொளுத்துகிறவர்கள் அவர்கள் கண்ணுக்கு விவரமில்லாத நாட்டுப்புறத்து ஜனங்கள்.

இதற்கு நடுவில்தான் நம்ம ஹீரோ என்ட்ரி. ஹெர்பர்ட் ஸ்டாடர்ட். காலேஜில் படிக்காதவர். மியூசியத்தில் பறவைகளைப் பாடம் செய்கிற வேலை பார்த்தவர். ரெட் ஹில்ஸில் பறவை குறைகிறதே என்று கவலைப்பட்ட எஸ்டேட் முதலாளிகள் பணம் போட, 1924-ல் அரசின் உயிரியல் ஆய்வுத் துறை இவரை அங்கே அனுப்பியது. சுமார் ஐந்து வருஷம் கூடு கூடாகத் தேடி, என்ன தின்கிறது, எது கொல்கிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். முடிவு: தீயை நிறுத்தினால் பறவை போய்விடும்! ஆனால், அரசு ஆளே 'கொளுத்துங்கள்' என்று எழுதினால் வனத்துறை சும்மா இருக்குமா? தீ பற்றிய அத்தியாயத்தை அவர் திரும்பத் திரும்ப மாற்றி எழுத வேண்டியிருந்தது. கடைசியில் 1931-ல் புத்தகம் வந்தது. 1943-ல், வனத்துறையே தெற்கில் தன் காடுகளில் திட்டமிட்டுத் தீ வைக்க அனுமதித்தது. 1958-ல் டல்லஹாசிக்கு வடக்கே, பழைய வேட்டை எஸ்டேட் ஒன்றில் 'டால் டிம்பர்ஸ்' ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமானது. தீயும் காடும் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் தேடிப் போகிற இடம் அது.

ஸ்டாடர்டுக்குக் கை தட்டியாச்சா? இப்போ இன்னொரு கைதட்டல் பாக்கி இருக்கு. அது யாருக்கு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தீ ரகசியத்தை அவர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. சின்ன வயசில் ஃபுளோரிடாவில் மாடு மேய்க்கிறவர்கள் புல்வெளியைக் கொளுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர். ரெட் ஹில்ஸில் அவருக்கு நிலத்தைக் காட்டிக்கொடுத்தவர்களில் நிறையப் பேர் அங்கே குத்தகைக்கு உழுத கறுப்பின மக்கள். இந்த எஸ்டேட்களில் பல, 1865 வரை அடிமைகளின் உழைப்பில் நடந்த பருத்தித் தோட்டங்கள். அதனால்தான் இன்றும் 'பிளான்டேஷன்' என்கிற பெயர். அடிமை முறை ஒழிந்த பிறகு, அதே மக்கள் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் குத்தகை விவசாயம் செய்தார்கள். வரப்போரங்களை வளரவிட்டார்கள். வருஷா வருஷம் காட்டைக் கொளுத்தினார்கள். அவர்களுக்கும் முன்னால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கொளுத்தியிருக்கிறார்கள். பாப்வைட்டுக்கு அதுவே சொர்க்கம். வடக்கிலிருந்து ரயிலில் வந்த கோடீஸ்வரர்கள் 'ஆஹா, எவ்வளவு பறவை!' என்று வியந்து நிலத்தை வாங்கினார்களே, அந்தப் பறவைக் கூட்டமே ஏழைகளின் விவசாயத்தால் பெருகியதுதான். பிறகு நடந்ததைக் கேட்கணுமா? குதிரையில் போனவர் முதலாளி. கோவேறு கழுதை வண்டியை ஓட்டியவரும், நாயைப் பழக்கியவரும், தீயை வைத்தவரும் பெரும்பாலும் கறுப்பினத்தவர். புத்தகத்தில் பெயர் வந்தது யாருக்கு, போட்டோவில் ஓரமாக நின்றது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்போ இந்த வேட்டை நல்லதா, கெட்டதா? நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டது. அதனால் நமக்கு இது தூரத்துக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

'வேட்டைக்காரர்கள்தான் பறவையைக் காப்பாற்றினார்கள்' என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள். பாதி உண்மை. பாப்வைட் கூட்டத்தில் பத்துக்கு ஏழெட்டு, சுட்டாலும் சுடாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குள் செத்துவிடும். பருந்து, பாம்பு, குளிர் என்று எத்தனையோ. அடுத்த வருஷம் கூட்டம் பெருகுமா என்பதைக் கூடு கட்ட இடம் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். வேட்டை ஆசையில்தான் அந்த இடம் சோயா வயலாகவோ வீட்டு மனையாகவோ மாறாமல் தப்பியது. அங்கே பாப்வைட் மட்டும் பிழைக்கவில்லை. சிவப்புக் கொண்டை மரங்கொத்தி என்று ஒன்று, உயிருள்ள வயதான பைன் மரத்தில்தான் பொந்து குடையும். 1970-ல் அழியும் பட்டியலில் சேர்ந்தது. தனியார் நிலத்தில் அதன் பெரிய கூட்டம் ரெட் ஹில்ஸில்தான் இருக்கிறது. 2024-ல் அதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்திருக்கிறார்கள். அதை யாரும் சுடுவதில்லை. காடைக்கு வைத்த தீயில் அதுவும் பிழைத்துக்கொண்டது.

மீதிப் பாதி? காப்பாற்றியது துப்பாக்கி இல்லை, தீயும் நிலமும்தான். பக்கத்திலேயே அபலாச்சிகோலா தேசியக் காடு இருக்கிறது. அது எந்தக் கோடீஸ்வரரின் எஸ்டேட்டும் இல்லை, அரசுக் காடு. அங்கேயும் முறையாகத் தீ வைக்கிறார்கள், அங்கேயும் அந்த மரங்கொத்தி வாழ்கிறது. பறவையைச் சுடுகிற ஆசை இல்லாதவர்களும் நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி. எனக்குப் பறவையைச் சுட்டுப் பார்க்கும் ஆசை துளியும் கிடையாது. ஆனால், 'சுடாதே' என்று ஒரு போர்டு மாட்டிவிட்டால் பறவை பிழைத்துவிடும் என்று இனி என்னால் நம்பவும் முடியாது. அந்த போர்டுக்குப் பின்னால் யார் வருஷா வருஷம் வேலை செய்யப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நாளைக்கு நம்மில் சிலர் ஏதாவது ஆபீஸில் உட்கார்ந்து, பார்த்தே இராத ஊரின் குளத்துக்கோ காட்டுக்கோ பிளான் போடுவோம். அப்போது அங்கே காலங்காலமாக ஏதோ செய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருத்தரைப் பார்த்து 'இவருக்கு என்ன தெரியும்' என்று தோன்றலாம். லாரியில் புரொஜெக்டர் ஏற்றிப் போனவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்களும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் போனார்கள்.

மார்ச் மாதம் நாம் மாடல் எக்ஸாம் டென்ஷனில் இருக்கும்போது, ரெட் ஹில்ஸில் புல் எரிந்து தரை கறுப்பாகக் கிடக்கும். சில நாளில் அந்தக் கறுப்பில் பச்சை துளிர்க்கும். கோடையில் வேலி மேல் ஒரு பறவை ஏறி நின்று 'பாப்... வைட்!' என்று விசிலடிக்கும். அந்த ஒரு விசிலுக்காக யாரோ ஒருத்தர் காற்றைப் பார்த்து, ஈரம் பார்த்து, சரியான நாளில் தீ வைத்திருக்கிறார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது.

அடுத்த வாரம் பார்க்கலாமா ஃப்ரெண்ட்ஸ்!